‘உடல் எங்கே?’: ‘சாமி’, ‘சாமி ஸ்கொயர்’ திரைப்படங்களில் சட்டத்தைக் கையில் எடுத்தலும் அதன் வாரிசுரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

இயக்குநர் ஹரியின் ‘சாமி’ (2003) காவல் அதிகாரி ஒருவர் யாருமறியாமல் செய்யும் கொலையோடு முடிகிறது. அக்கொலையைத் திறந்துகாட்டாமல் ‘சாமி ஸ்கொயர்’ (2018) தொடங்க இயலாது. கொல்லப்பட்டவனின் குடும்பம் ‘அவர் எங்கே?’ என்று கேட்பதே இரண்டாம் பாகத்தின் கதைத் தூண்டல். சட்டம் அக்கேள்வியை உரிமையாகக் கருதுகிறது. படமோ அதனைப் பகைவனின் வாயில் வைக்கிறது. இவ்விடமாற்றத்தின் விளைவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காவல்துறைத் திரைப்படம், என்கவுன்ட்டர், தொடர்ச்சிப் படம், ஆட்கொணர்வு, வழக்குரை காதை, மண்ணரை

முன்னுரை

திருப்பூர் மாநகராட்சிக்குள், நொய்யலாற்றை அடுத்து, ஊத்துக்குளி சாலையை ஒட்டி அமைந்த பகுதி மண்ணரை. இங்குள்ள காம்பவுண்டு வீடுகளில் குடியிருப்போரில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். அவர்களுள் திருநெல்வேலி, தூத்துக்குடி, தேனி மாவட்டங்களிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் கணிசமானோர். ‘சாமி’ திரைப்படத்தின் களமும் திருநெல்வேலியே. ஆதலால் அப்படம் இங்கே தொலைக்காட்சியில் ஓடும்போது, சொந்த ஊரைப் பார்க்கும் ஆவலோடும் அது பார்க்கப்படுகிறது.

2025 ஆகஸ்டு முதல் வாரத்தில், இதே மாவட்டத்தில் குடிமங்கலம் அருகே, தகராறு ஒன்றை விசாரிக்கச் சென்ற சிறப்புச் சார்பு ஆய்வாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். தேடப்பட்டவர்களுள் ஒருவர் அடுத்த சில நாள்களுக்குள் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். ஆயுதத்தை மீட்க அழைத்துச் சென்றபோது அவர் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்பது காவல்துறை அளித்த விளக்கம். கடமையின்போது மடிந்த அதிகாரிக்காக மக்கள் வருந்தியது இயல்பு. அவ்வருத்தம் எந்த வடிவில் வெளிப்பட்டது என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல் ஆயிற்று. இக்கட்டுரையாளர் வசிக்கும் தெருவில், பலருடைய வாட்ஸ்அப் நிலைப்பதிவுகளில் அன்று ஓடியவை ‘சாமி’, ‘சிங்கம்’ படக் காட்சிகள். செய்தியைப் புரிந்துகொள்ளும் சட்டகத்தைத் திரைப்படமே அளித்தது.

அதே காம்பவுண்டில், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து செக்கிங் வேலை பார்க்கும் அம்மையார் ஒருவர் மட்டும் வேறு விதமாகப் பேசினார். பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய தம்பியைக் காவலர்கள் அழைத்துச் சென்றனர். இரண்டு நாள்கள் எந்தப் பதிவும் இல்லை. நிலையத்தின் வாசலில் நின்று கேட்டதற்கு, அப்படி யாரும் இங்கே இல்லை என்ற விடையே கிடைத்தது. மூன்றாம் நாள் தம்பி நடந்து வந்துவிட்டார். “சாமி படத்துக்கு நானும் கைதட்டினவதான் தம்பி. ஆனா அந்தப் பெருமாள் பிச்சை பொஞ்சாதி வந்து எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவாவ?” என்றார் அவர். ‘சாமி ஸ்கொயர்’ உருவான இடமே இந்தக் கேள்விதான் என்பது அவருக்குத் தெரியாது. அதன் விளம்பரத்தைத் தவிர அப்படத்தில் அவர் எதையும் பார்த்ததில்லை.

சூளைக்குள் போன உடல்

‘சாமி’ 2003 மே 1 அன்று வெளியானது. கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனத் தயாரிப்பு. விக்ரம் ஏற்ற ஆறுச்சாமி என்னும் பாத்திரம் தொடக்கத்தில் நேர்மையின் திருவுருவாகக் காட்டப்படவில்லை. திருநெல்வேலிக்கு மாற்றலாகி வரும் துணை ஆணையர், ஊரை ஆட்டிவைக்கும் பெருமாள் பிச்சையிடம் (கோட்டா சீனிவாச ராவ்) கையூட்டுப் பெறுகிறார். பொதுமக்களைத் தொந்தரவு செய்யாத வரையில் அவனைக் கண்டுகொள்வதில்லை என்பது உடன்பாடு. அக்காலத்துக் காவல்துறைப் படங்களுள் இது துணிவான தொடக்கம் எனலாம். அமைப்புக்குள் இருப்பவர் எவரும் அழுக்குப்படாமல் இருக்க இயலாது என்ற ஒப்புதல் அதில் இருந்தது. தன்னைக் காவலன் அல்லன், பொறுக்கி என்று அறிவித்துக்கொள்ளும் புகழ்பெற்ற வசனத்தையும் இவ்வொப்புதலின் மற்றொரு வடிவமாகவே கொள்ள வேண்டும். அதைத் திமிரின் வெளிப்பாடாக மட்டும் வாசித்தோர் படத்தின் பாதியை விட்டுவிட்டனர்.

உடன்பாடு முறிந்தபின் கதை வேகம் கொள்கிறது. இங்கு நமக்கு முதன்மையானது இறுதிக்காட்சி. ஆறுச்சாமி பெருமாள் பிச்சையைக் கொன்று, உடலைச் செங்கல் சூளையில் எரித்துவிடுகிறார். வெளியுலகிற்கு அவன் தலைமறைவானவன்.

திரைப்பட மரபில் பகைவன் ஊரறிய வீழ்வதே வழக்கம். மக்கள் சூழ்ந்து நிற்க, காவல் வாகனம் பிந்தி வர, நாயகன் கைவிலங்கை நீட்டுவான்; அல்லது நீதிமன்றம் அவனை மன்னித்து விடுவிக்கும். பொதுவெளி அந்தக் கொலையை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. ‘சாமி’யில் சாட்சி இல்லை, உடல் இல்லை, அறிக்கையும் இல்லை. இருப்பது பார்வையாளர் மட்டுமே. அரங்கில் அமர்ந்திருக்கும் நாம் கொலையின் ஒரே சாட்சிகளாகி, அந்த இரகசியத்தைக் காப்பவர்களாகவும் ஆகிறோம். கைதட்டல் இங்கே உடந்தையின் ஒலி.

மற்றொன்றையும் குறிக்க வேண்டும். ‘தலைமறைவு’ என்பது கதைச்சொல் மட்டும் அன்று; அது காவல் ஆவணச் சொல். ஆறுச்சாமி ஓர் ஆளைக் கொல்வதோடு தம் துறையின் பதிவேட்டிலும் பொய் எழுதுகிறார். ஒரு காவல் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுப்பதற்கும் ஒரு குடிமகன் எடுப்பதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. குடிமகன் உடலை மறைக்கலாம். கோப்பை மாற்ற அவனால் இயலாது.

அதே 2003 ஆகஸ்டில் கௌதம் வாசுதேவ் மேனனின் ‘காக்க காக்க’ வெளியானது. அதில் என்கவுன்ட்டர் ஒரு சிறப்புப் பிரிவின் தொழில்நுட்பமாக, நகர்ப்புறத் தோரணையோடு காட்டப்பட்டது. ஒரே ஆண்டில் தென்மாவட்ட மண்ணிலும் சென்னை மாநகரிலும் ஒரே கருத்து இருவேறு மொழிநடைகளில் வேரூன்றியது தனித்து ஆராயத்தக்கது.

கேட்பவன் பகைவன் ஆதல்

தொடர்ச்சிப் படங்கள் பொதுவாக எல்லையை விரிப்பவை. ‘சிங்கம்’ (2010) வரிசையே சான்று. துரைசிங்கம் நல்லூரிலிருந்து சென்னைக்கு வருகிறார். இரண்டாம் பாகத்தில் (2013) தென்னாப்பிரிக்கா, மூன்றாம் பாகத்தில் (2017) ஆந்திரமும் ஆஸ்திரேலியாவும். பகைவன் மாறுகிறான், விமானம் ஏறுகிறார்கள், அவ்வளவே. முந்தைய பாகத்தின் கொலைக்கு அடுத்த பாகம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

‘சாமி’க்கு அந்த வசதி இல்லை. சூளைக்குள் ஓர் உடல் இருக்கிறது. 2018 செப்டம்பர் 21 அன்று வெளியான ‘சாமி ஸ்கொயர்’ அதை எடுத்தே ஆக வேண்டும். இலங்கையில் வாழும் பெருமாள் பிச்சையின் மகன்கள் தந்தையைக் காணவில்லை என்று அறிந்து வருகிறார்கள். அவர்களுள் இராவணப் பிச்சை (பாபி சிம்ஹா) உண்மையைத் துருவிக் கண்டறிகிறான். ஆறுச்சாமியையும் அவர் மனைவி புவனாவையும் கொல்கிறான். தப்பிய குழந்தை தில்லியில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, இராமசாமி என்ற காவல் அதிகாரியாகித் திருநெல்வேலிக்கே வந்து, பகைவரை ஒழிக்கிறது. (முதற்படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் இடையே ஓடியவை பதினைந்து ஆண்டுகள். கைக்குழந்தை அதற்குள் ஐ.பி.எஸ். ஆகிவிட முடியாது, குடிமைப்பணித் தேர்வு எழுதக் குறைந்தது 21 வயது வேண்டும். படம் எதிர்காலத்தில் நடப்பதாகக் கொண்டாலன்றிக் கணக்குப் பொருந்தாது. விமர்சனங்களைக் காட்டிலும் எளிய பார்வையாளரே இதை உடனே பிடித்தனர்.)

இங்கே நிகழும் இடமாற்றத்தை நுட்பமாக நோக்க வேண்டும். ‘என் தந்தை எங்கே? அவர் உடல் எங்கே?’ என்பது ஒரு மகன் கேட்கத்தக்க நேர்மையான கேள்வி. தந்தை கொடியவன் என்பதால் அக்கேள்வி கொடிதாகிவிடாது. கதையாசிரியர் இக்கேள்வியை ஒரு வழக்கறிஞரிடமோ, செய்தியாளரிடமோ, மனைவியிடமோ ஒப்படைத்திருக்கலாம். ஆறுச்சாமி கூண்டில் நின்று பதில் சொல்லியிருக்கலாம்; அப்பதில் நம்மைக் கலங்கவும் வைத்திருக்கலாம். முதற்படத்தில் அவர் அழுக்குப்பட்ட மனிதராகப் படைக்கப்பட்டதால் அதற்கு முழு இடமும் இருந்தது. மாறாக, கேள்வி கேட்க வந்தவன் கேட்ட மறுகணமே கொலைகாரனாகிறான். அவன் கைக்கு அரிவாள் வந்ததும் கேள்வி மறைந்துவிடுகிறது. ஆறுச்சாமியின் செயலை விசாரிக்க வேண்டிய தேவையும் அத்துடன் மறைகிறது. அவர் இப்போது கொன்றவர் அல்லர், கொல்லப்பட்டவர்.

பெயரிடலும் இதற்குத் துணைபோகிறது. ஒருவன் இராமன், மற்றவன் இராவணன். அவன் வருவதும் இலங்கையிலிருந்து. சட்டச் சிக்கல் காப்பியப் பகையாக உருமாறியபின் யார் பக்கம் நிற்பது என்ற ஐயமே எழாது. ஆனால் படம் வெளியான காலத்து இலங்கையை நினைவுகூர்ந்தால் இத்தேர்வு உறுத்துகிறது. 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர்போராட்டத்தில் அமர்ந்திருந்தனர். பிள்ளை எங்கே, உயிரோடு இல்லையெனில் உடல் எங்கே என்பதே அவர்களது கேள்வி. இலங்கையிலிருந்து ஒருவர் வந்து ‘காணாமற்போனவர் எங்கே’ என்று கேட்பதைத் தமிழ்ப் படமொன்று அச்சுறுத்தலின் அடையாளமாகப் பயன்படுத்தியது. இயக்குநர் இதை எண்ணிச் செய்தார் என்று கூற இடமில்லை. எண்ணாமல் செய்ய முடிந்தது என்பதே கவனத்திற்குரியது.

மகன் பகை தீர்க்கும் கட்டமைப்பு புதிதன்று. ‘மூன்று முகம்’ (1982) படத்தில் அலெக்ஸ் பாண்டியன் கொல்லப்பட, மகன் வழியாகக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. அதற்கும் முன்னர் ‘தங்கப்பதக்கம்’ (1974) நேர்மாறான நிலையில் நின்றது. அங்கே சிவாஜி கணேசனின் காவல் கண்காணிப்பாளர் சௌத்ரி, சட்டத்தின் பொருட்டுத் தம் மகனையே சுடுகிறார். அச்செயலை நாம் ஏற்கலாம், ஏற்காது விடலாம். ஆனால் குருதியைவிடச் சீருடை மேலானது என்ற கருத்து அதில் தெளிவு. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, சீருடை குருதி வழியாக இறங்கும் சொத்தாகிவிட்டது. முதற்பாகத்தில் விதிவிலக்கு என்று நாம் மன்னித்த செயல், இரண்டாம் பாகத்தில் வாரிசுரிமை.

சட்டம் அதே கேள்வியை எங்கே வைத்திருக்கிறது

திரைப்பட ஆய்வுகள் பெரும்பாலும் ‘படம் என்கவுன்ட்டரை நியாயப்படுத்துகிறது’ என்று கூறி நின்றுவிடுகின்றன. சட்டத்தின் உள்ளமைப்போடு பொருத்திப் பார்த்தால்தான் படம் எதை நீக்கியிருக்கிறது என்பது விளங்கும்.

கைது செய்யும் அதிகாரம் கொல்லும் அதிகாரம் ஆகாது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு, கைது செய்யும்போது மரணம் விளைவிக்க உரிமை இல்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. காவலில் ஒருவர் இறந்தாலோ ‘காணாமற்போனாலோ’ நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்ற விதி 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 176ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. காணாமற்போதலும் மரணத்தோடு சேர்த்து எண்ணப்பட்டிருப்பது கருதத்தக்கது. உடலை மறைத்துவிட்டால் விசாரணையிலிருந்து தப்பிவிடலாம் என்ற வழியைச் சட்டம் முன்னரே கண்டு அடைத்திருக்கிறது.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் மகாராட்டிர அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் 16 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை, தொடர்புடைய நிலையத்தைச் சாராத தனித்த புலனாய்வு, நடுவர் விசாரணை ஆகியவை பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத இரண்டு நெறிகள் நம் பொருளுக்கு நேரடியானவை. இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு இயன்ற விரைவில் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்று. நெறிகள் பின்பற்றப்படவில்லை எனக் கருதும் குடும்பத்தார் அமர்வு நீதிபதியிடம் முறையிடலாம் என்பது மற்றொன்று. அதாவது, ‘எங்கே?’ என்று கேட்க முதல் உரிமை உடையவர் இறந்தவரின் வீட்டார். அவர் நல்லவரா, இறந்தவர் நல்லவரா என்பது அங்கே ஆராயப்படுவதில்லை.

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுதும் கேட்ட ஒரு தந்தை அண்டை மாநிலத்தில் இருந்தார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், கோழிக்கோட்டுப் பொறியியல் மாணவர் ராஜன் காவல்துறையால் கொண்டுசெல்லப்பட்டார். தந்தை ஈச்சர வாரியர் 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். மாணவர் காவலில் இறந்தது வெளிப்பட்டது, முதலமைச்சர் கே. கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. உடல் கிடைக்கவே இல்லை. ஷாஜி என். கருணின் ‘பிறவி’ இந்நிகழ்வின் நிழலில் உருவான படம். வராத மகனுக்காகப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் முதியவரே அதன் மையம். எரிக்கப்பட்ட உடல் என்ற ஒரே பொருளை ‘சாமி’ கொல்பவரின் தோளிலிருந்தும், ‘பிறவி’ காத்திருப்பவரின் திண்ணையிலிருந்தும் காண்கின்றன. ராஜன் குற்றமற்றவர், பெருமாள் பிச்சை கொடியவன் என்று வேறுபடுத்தலாம். ஆனால் அவ்வேறுபாட்டை உறுதிசெய்ய நமக்கு இருக்கும் வழி விசாரணை ஒன்றே. திரைப்படத்தில் மட்டும்தான் பார்வையாளர் எல்லாவற்றையும் முன்னரே பார்த்துவிடுகிறார்.

வழக்குரை காதையின் முன்மாதிரி

விசாரணையற்ற கொலையும், இறந்தவரின் உறவு நீதி கேட்டு வருதலும் தமிழுக்குப் புதிய கதைப்பொருள்கள் அல்ல. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் காவலர்கள் கோவலனைக் கண்டு தயங்குகிறார்கள். இவன் கள்வன் போல் தோன்றவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களைப் பற்றி நீண்ட விளக்கம் தந்து அத்தயக்கத்தைக் கரைக்கப் பார்க்கிறான். பின்னரும் சிலர் ஐயுறும்போது ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கொலைக்கு முந்தைய தயக்கத்துக்கு இளங்கோவடிகள் இவ்வளவு இடம் ஒதுக்கியிருப்பது வியப்பிற்குரியது. இன்றைய காவல்துறைப் படங்களில் தயங்கும் காவலர் பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரம், அல்லது விலைபோனவர்.

அடுத்து வழக்குரை காதை. கண்ணகி அவைக்கு வருகிறாள், வாயிலோன் அறிவிக்கிறான், மன்னன் அவளை அழைத்து, யார் என்று கேட்கிறான். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற சான்று முன்வைக்கப்படுகிறது. சான்று பொய்க்காதபோது பாண்டியன் தன் பிழையை ஏற்று உயிர்விடுகிறான். இங்கே கேட்க வந்தவள் பகைவர் ஆக்கப்படவில்லை என்பதே முதன்மை. பின்னர் அவள் மதுரையை எரித்தது உண்மை. அதுவும் சட்டத்தைக் கையில் எடுத்தல்தான், அப்பழியிலிருந்து அவளை முற்றாக விடுவிக்க இயலாது. ஆனால் அவையில் அவள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தபின்னரே அந்நெருப்பு மூள்கிறது. ‘சாமி ஸ்கொயர்’ இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. நெருப்பு முதற்பாகத்திலேயே எரிந்துவிட்டது, அவை கூடவேயில்லை.

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரமும் இத்தகைய வரிசை உடையது. கொடியோரைக் கொலையால் ஒறுத்தல் பயிரிடையே களை பறித்தலுக்கு ஒப்பு என்று அதன் இறுதிக் குறள் சொல்வதை என்கவுன்ட்டர் ஆதரவாளர் மேடைகளில் எடுத்தாள்வது உண்டு. அவ்வதிகாரத்தின் முதற்குறள் குற்றத்தை ஆராய்வதில் தொடங்குகிறது. ஒன்பது குறள்களைத் தாண்டிக் குதித்தால் மட்டுமே களை பறித்தல் தனித்து நிற்கும்.

படத்துக்கு வெளியே ஒரு தொடர்ச்சி

2020 ஜூன் மாதம், பொதுமுடக்கக் காலத்தில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திவந்த தந்தையும் மகனும் காவல்துறையால் கொண்டுசெல்லப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தனர். நீதித்துறை நடுவர் நிலையத்திற்கே நேரில் சென்று விசாரித்தார். அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் அவர்முன் சாட்சியம் அளித்தார். திரைப்படங்கள் காட்டத் தவறிய இரு பாத்திரங்கள், கேட்கும் நடுவரும் தயங்கிய காவலரும், ஒரே நிகழ்வில் வெளிப்பட்டனர்.

அந்நாள்களில் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்தமைக்காக வேதனைப்படுவதாக அதில் அவர் கூறியிருந்தார். ‘சாமி’ இரண்டும் ‘சிங்கம்’ மூன்றும் சேர்ந்தே அந்த ஐந்து. வணிகத் திரைப்பட இயக்குநர் ஒருவர் தம் படைப்புகளைப் பற்றி இவ்வாறு பேசுவது அரிது. அதைச் சந்தர்ப்பவாதம் என்று சிலர் ஒதுக்கியது முறையன்று. எனினும் அறிக்கை ஓர் இடத்தில் தெளிவற்று நிற்கிறது. ஒரு சிலர் துறைக்குக் களங்கம் சேர்த்துவிட்டனர் என்ற கோணமே அதில் மேலோங்குகிறது. ஆறுச்சாமியின் செயலுக்கும் அந்தச் சிலரின் செயலுக்கும் இடையே வேறுபாடு ஆளைப் பொறுத்ததா, முறையைப் பொறுத்ததா என்பது கேட்கப்படவில்லை.

அதைக் கேட்க முயன்றது த.செ. ஞானவேலின் ‘வேட்டையன்’ (2024). ரஜினிகாந்த் ஏற்ற அதியன் என்கவுன்ட்டரில் பெயர்பெற்ற அதிகாரி. ஆசிரியை ஒருவரின் கொலையில், மக்கள் கொந்தளிப்பின் அழுத்தத்தில் அவர் சுட்டுக்கொன்றவர் குற்றமற்றவர் என்று பின்னர் தெரியவருகிறது. ‘ஜெய் பீம்’ (2021) இயக்கியவரிடமிருந்து எதிர்பார்க்கத்தக்க படமே. ஆயினும் உச்ச நடிகருக்குரிய சண்டைகளும் பின்னணி இசையும் அப்பிழையின் கனத்தை அவ்வப்போது குறைத்துவிடுகின்றன. படம் தன் நாயகனையே குற்றவாளியாக உட்காரவைக்கத் தயங்குகிறது. வெற்றிமாறனின் ‘விடுதலை’ இரு பாகங்களும் (2023, 2024) அத்தயக்கமின்றி மேலும் உள்ளே செல்கின்றன. அங்கே கடைநிலைக் காவலர் குமரேசனின் கண்வழியே, நடந்ததற்கும் அறிவிக்கப்படுவதற்கும் இடையிலான தொலைவு அளக்கப்படுகிறது. ஆறுச்சாமி தனியொருவராகச் செய்த ஆவணப் பொய்யை, ‘விடுதலை’ ஓர் அமைப்பின் அன்றாட அலுவலாகக் காட்டுகிறது. இரு தொடர்ச்சிப் படங்களையும் விரிவாக ஒப்பிடுதல் தனிக் கட்டுரைக்குரியது.

குடிமங்கலம் நிகழ்வுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்ணரைக் காம்பவுண்டில் ‘சாமி’ மீண்டும் ஓடியது. சூளைக் காட்சி வந்தபோது இளைஞர்கள் வழக்கம்போல் விசிலடித்தனர். செக்கிங் அம்மையார் அதற்குள் எழுந்து, மறுநாள் கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டிய சாப்பாட்டுக்கு அரிசி களையப் போய்விட்டார்.